லோகநாதனின் லீவு நாள்

எங்கோ குளிர்தேசத்திலிருந்து பறவைகள் ஓய்வெடுக்கப் பழவேற்காடு ஏரிக்கு வருகின்றன. அவை ஓய்வெடுப்பதைப் பார்த்து ஓய்வெடுக்கச் சென்னையிலிருந்து மனிதர்கள் வருகிறார்கள். இந்த இரண்டு ஓய்வுக்கும் நடுவில் கோல் ஊன்றிப் படகு தள்ளுகிறவர் லோகநாதன். கடைசியாக எப்போது கண் நிறையத் தூங்கினோம் என்று கேட்டால் அவர் கொஞ்சம் யோசிப்பார். யோசிக்கும்போதே கண் சொருகும்.

வாரத்தில் ஆறு நாள் அவருக்குக் கும்மிடிப்பூண்டி இரும்பு உருட்டாலையில் வேலை. ஞாயிறு விடுமுறை. அந்த விடுமுறையைத்தான் பறவை பார்க்க வருகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதற்கெல்லாம் மேலே பாடு ஒன்று உண்டு. ஏரியில் இறால் விழும் நல்ல இடங்களில் வலை போட அவருடைய குப்பத்தில் ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்திருந்தார்கள். அதன் பெயர் பாடு. முறைக்காரன், கிழக்கே சவுக்குத் தோப்புக்கு மேலே சூரியன் முழுசாக எழும்புவதற்குள், தன் கோலை அந்த இடத்தில் ஊன்ற வேண்டும். ஊன்றாவிட்டால் அடுத்த முறைக்காரன் ஊன்றிக்கொள்வான். லோகநாதன் இந்தப் பனிக்காலத்தில் இரண்டு முறை தவறவிட்டிருந்தார், இரண்டுமே பூநாரை காட்டப்போய். மூன்றாவதும் தவறினால் வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டார்கள். அப்பா விட்டுப்போனது அந்தப் பெயர் ஒன்றுதான்.

ஆனாலும் அவருடைய முறை வந்த ஞாயிற்றுக்கிழமையே பறவை பார்க்க வருவதாக வீரராகவன் போன் செய்தபோது, லோகநாதன் "வாங்க சார்" என்றார். பாடும் பூநாரையும் ஒரே திசையில்தானே, போகிற வழியில் கோலை ஊன்றிவிடலாம் என்று கணக்கு.

"அவுங்க லீவுல வராங்க. உன் லீவு எங்க போச்சி?" என்றாள் மனைவி அங்காளம்மாள்.

"எல்லாம் ஒரே லீவுதான். அவுங்க கழிக்கிறாங்க, நான் தள்ளுறேன்."

இருட்டோடு கிளம்பலாம் என்று பேச்சு. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் வீரராகவனும், அவரோடு கேமராவைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்த ஹெலன் டீச்சரும், வழியில் பொன்னேரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு வெளுத்த பிறகு வந்து சேர்ந்தார்கள். காலடியில் கிடந்த வலை மூட்டையைப் பார்த்து, "இது எதுக்குப்பா? நாறுது" என்றார் வீரராகவன். லோகநாதன் கோலை எடுத்தார். முந்தின நாள் இரண்டாம் ஷிப்ட். நின்றபடியே தள்ளினார், நின்றபடியே தூங்கியும் போனார்.

விழித்தபோது படகு சேற்றுத் திட்டில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. வற்றுநீர், ஏரித் தண்ணீர் கடலுக்கு இறங்கும் நேரம். மறுபடி கடல்நீர் ஏறும்வரை இனி அது நகராது.

"லோகநாதன், அசையாதீங்க!" வீரராகவன் கிசுகிசுத்தார். படகில் சத்தமே இல்லாததால் பூநாரைக் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டே பக்கத்தில் வந்திருந்தது. தலையைத் தண்ணீரில் கவிழ்த்து, ஒற்றை வரிசையாய். "எப்படிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க! மூச்சுகூட விடாதீங்க."

லோகநாதன் பூநாரையைப் பார்க்கவில்லை. சவுக்குத் தோப்பைப் பார்த்தார். அதன் உச்சி சிவந்துகொண்டிருந்தது. எதிரே, கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் அவர் பாடு போட வேண்டிய இடம். அங்கே ஒரு படகு காத்திருந்தது. அடுத்த முறைக்காரன் பரணிதரன், கையில் கோலோடு.

வலை மூட்டையைத் தலையில் வைத்தார். கோலைத் தோளில் சாய்த்தார்.

"என்னய்யா பண்றே? பறந்துடும்!"

"பறக்கட்டும் சார். எனுக்குப் பாடு போயிடும்."

தொபுக்கென்று இறங்கினார். அத்தனை பூநாரையும் ஒரே வீச்சில் எழும்பின. சேறு முழங்காலைப் பிடித்து இழுக்க, தண்ணீர் தொடை வரை ஏற, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பின்னால் யாரோ கத்தினார்கள். திட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

"இன்னா மாமா, கோலைத் தூக்கினு நடந்து வர?" என்றான் பரணிதரன். "படகு எங்க?"

"அதுல ஆளுங்க கீறாங்கடா."

"கோலு இல்லாமயா? நல்லா டூர் காட்ற!"

லோகநாதனால் சிரிக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது. சூரியன் தோப்புக்கு மேலே நின்றது. பரணிதரன் அதைப் பார்த்தான், பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தான். தன் கோலைப் படகுக்குள் படுக்கவைத்தான்.

"பாதிதான் வந்துகீது. ஊனு மாமா."

லோகநாதன் ஊன்றினார். கோலைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், விட்டால் விழுந்துவிடுவார்போல.

இருவரும் வலையைக் கட்டி முடித்து, பரணிதரன் படகிலேயே சேற்றுத் திட்டுக்குத் திரும்பினார்கள். லோகநாதன் வசவுக்குத் தயாராக இருந்தார். வீரராகவன் இரண்டு கையையும் விரித்தார்.

"பிரமாதம் லோகநாதன்! எல்லாப் படகுக்காரனும் அசையாம உக்காருன்னுதான் சொல்றான். கூட்டமா எழும்பற படம் இத்தனை வருஷத்துல எனக்குக் கெடைச்சதே இல்லை. சரியான நேரத்துல குதிச்சீங்க பாருங்க!"

அசையாதே என்று சொன்னவரும் அவர்தான் என்பதை அவருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

"பாவம், அதுங்களை நிம்மதியா இருக்க விடலையே நாம" என்றார் ஹெலன், கேமராவிலிருந்து கண் எடுக்காமல்.

"அடுத்த ஞாயிறும் உங்க பாடு இருக்கா?" என்று கேட்டார் வீரராகவன்.

"இல்ல சார். இனிமே பொங்கல் கழிச்சுத்தான்."

"அப்ப ஃப்ரீதான். வந்துடறோம்!"

பரணிதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தான். பாடில்லாத ஞாயிறு என்றால் தூங்குகிற ஞாயிறு என்று லோகநாதன் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லுமளவுக்கு அவர் விழித்திருக்கவில்லை.