மாமா படித்துக் காட்டிய செய்தி

அந்தக் கோடையில் டில்லி முழுவதும் வாந்திபேதி. ஜங்புராவில், நாலா என்கிற பெரிய சாக்கடை ஓரம் தமிழ்க்காரர்கள் குடிசை போட்டிருந்த எங்கள் மதராசி கேம்ப்பில் முனிசிபாலிட்டி ஆட்கள் பிளீச்சிங் பவுடரை வாரி இறைத்துவிட்டுப் போனார்கள். சந்தெல்லாம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. வெயிலில் பார்த்தால் கேம்ப்பே கோலமாவில் மிதப்பதாக எனக்குத் தோன்றும். பெரியவர்கள் பயந்து செத்தார்கள். நான் அதில் என் காலைப் பதித்துப் பதித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவின் பயம் வேறு. கேம்ப் ஆட்கள்தான் நோயைக் கொண்டுவருகிறார்கள் என்று அவள் பாத்திரம் தேய்க்கிற வீட்டில் பேச்சு கிளம்பியிருந்தது. வேலை போனால் அடுப்பு எரியாது. அப்போதுதான் கேமராவோடு ஒரு பேப்பர்காரர் வந்து சேர்ந்தார்.

"நாம எவ்ளோ சுத்தமா இருக்கோம்னு பீபிஜி பேப்பர்ல பாக்கட்டும்," என்றாள் அம்மா. பீபிஜி என்றால் அந்த வீட்டு எஜமானியம்மா.

போட்டோ என்றால் எங்களுக்குக் கல்யாணத்தில் எடுப்பதுதான். தலை வழிய எண்ணெய் தடவி, முகத்தில் பவுடர் அப்பி, பொங்கல் பாவாடையை மாட்டி என்னை நிறுத்தினாள். பக்கத்தில் தம்பி. கேம்ப்பே சிங்காரித்துக்கொண்டு வரிசையில் நின்றது. அவர் வேண்டாவெறுப்பாக ஒன்றிரண்டு எடுத்தார். நாங்கள் உடை மாற்றிக் கலைந்த பிறகும் அவர் போகவில்லை. நாலாவைக் கடக்கும் பாலத்தின் மேல் காத்துக்கொண்டு நின்றார்.

எங்களில் இந்தி படிக்கத் தெரிந்தவர், டயர் கடையில் வேலை பார்த்த மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. பேப்பரை அவர்தான் வாங்கிவந்தார். படத்தில் என் பாவாடையைக் காணோம். நாலா ஓரத்தில் அம்மா தம்பிக்குக் கால் கழுவிவிடுகிறாள், பின்னால் குப்பைமேடு.

"என்னடா போட்டிருக்கான்? படி."

மாமா முதலில் தனக்குள் படித்துக்கொண்டார். பிறகு, "மதராஸ்காரங்க புள்ளைங்கள கண்ணுல வச்சுப் பாத்துக்கறாங்க, மத்தவங்க இவங்களப் பாத்துக் கத்துக்கணும்னு போட்டிருக்கான்க்கா," என்றார். எனக்குப் பறப்பதுபோல இருந்தது. மேலே கொட்டை எழுத்தில் இருந்தது 'நோய் கொண்டுவந்தவர்கள்' என்பதைப் பல வருஷம் கழித்து, பள்ளியில் இந்தி கற்றபிறகு, அதே பேப்பரில் நானே படித்தேன்.

மறுநாள் காலையில் அம்மா அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

"வேணாம்க்கா, கசங்கிடும். வச்சிட்டுப் போ," என்று மாமா சந்துமுனை வரை பின்னாலேயே ஓடினார். அவள் எங்கே கேட்டாள்!

போன சுருக்கில் திரும்பி வந்துவிட்டாள். "பீபிஜியே படிச்சுச் சொல்லிட்டாங்க. இனிமே வர வேணாமாம்," என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள். இனி அம்மா பகலெல்லாம் வீட்டில் இருப்பாள் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அன்றைக்கு என்னைப்போல் சந்தோஷப்பட்டவர்கள் டில்லியில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் வந்த மாமா உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பேப்பரை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"இன்னொரு வாட்டி படிடா. புள்ளைங்க கேக்கட்டும்."

மாமா படித்தார். ஒரு சொல் மாறவில்லை. அம்மா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைப்போலவே அவளுக்கும் அந்தச் செய்தி ரொம்பப் பிடித்துவிட்டது, அதனால்தான் திரும்பக் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அவள் மடியில் தூங்கிப்போனேன்.