மேனேஜருக்கு ஓர் அர்ச்சனை

எங்கள் வீட்டில் சாமி மேடைக்கு அடுத்த மரியாதை ஒரு வெள்ளைக்காரருக்கு. அப்பாவின் அபிமான இங்கிலாந்துக் காற்பந்துக் குழுவுக்கு அவர்தான் மேனேஜர். மூன்று முறை கிண்ணம் வாங்கிக் கொடுத்தவர். டிவியில் அவர் முகம் வந்தால் அப்பா நீட்டிய காலை மடக்கிக்கொள்வார். தன் அப்பா வந்தபோதுகூட இவர் இப்படி மடக்கியதில்லை என்று அம்மா முணுமுணுப்பார்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த வருஷம் குழு வரிசையாகத் தோற்றது. மலேசியாவின் கிள்ளானில் எங்கள் வீட்டுப் பக்கத்து மாமாக் சாப்பாட்டுக் கடையில்தான் அப்பாவும் கூட்டாளிகளும் ஆட்டம் பார்ப்பார்கள். முன்பு மேனேஜரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியவர்கள், இப்போது அவருக்கு மூளை மழுங்கிவிட்டது என்று ஏசினார்கள். ஷா ஆலம் தொழிற்சாலையில் பதினெட்டு வருஷமாக ஒரே இடத்தில் வேலை பார்த்த அப்பா, இதிலும் இடம் மாறவில்லை. எனக்கோ பள்ளியில் கேலி தாங்கவில்லை. ரகசியமாக நான் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கைப்பேசியில் செய்தி வந்தது. மேனேஜரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். கடையில் ஒரே கொண்டாட்டம். ஒருவர் எல்லாருக்கும் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ சொன்னார். நான் நாற்காலி மேல் ஏறி நின்று கைதட்டினேன்.

அப்பா என்னைப் பார்த்தார். ரெண்டு திட்டு திட்டியிருந்தால்கூடத் தேவலை. கூட்டாளிகளிடம் மெதுவாகத்தான் சொன்னார்.

“இத்தனை வருஷம் உழைச்சவன்லா. வீட்டுக்குப் போயி பொண்டாட்டிகிட்ட என்னன்னு சொல்லுவான்?”

கடையே சிரித்தது. அந்த ஆளுக்கென்ன, கப்பல் மாதிரி வீடு இருக்கிறது என்றார்கள். அப்பா தே தாரேக்கைத் தொடாமல் எழுந்து, என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். வழியெல்லாம் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். கோபம் இல்லை போலிருக்கிறது என்று நானே தைரியப்படுத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மூவரும் கோவிலுக்குப் போனோம். வழக்கமாக என் பேருக்குத்தான் அர்ச்சனை. அன்று குருக்கள் பேர் கேட்டதும் அப்பா மேனேஜர் பேரைச் சொன்னார். குருக்கள் இரண்டு முறை கேட்டும் பிடிபடாமல், பாதியை விட்டுவிட்டு மீதியை மட்டும் சொல்லிப் பார்த்தார். பின்னால் நின்ற ஆன்டி சிரித்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று. நட்சத்திரம் என்ன என்றார் குருக்கள். அப்பா கொஞ்சம் தயங்கினார்.

“அனுஷம்.”

அது அப்பாவின் நட்சத்திரம். அம்மா சட்டென்று அவர் பக்கம் திரும்பினார். சாமி சந்நிதியில் பந்து விளையாட்டைக் கொண்டுவந்தால் அம்மா சும்மா விடுவாரா? வீட்டுக்குப் போனதும் இருக்கிறது பூசை என்று காத்திருந்தேன். அம்மாவோ அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கோவிலில் அவர் ஒருநாளும் செய்யாததைச் செய்தார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எப்ப சொன்னாங்க?”

“திங்கக்கிழமை காலையில. லெட்டர கையில கொடுத்துட்டாங்க.” என்றார் அப்பா.

எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய ரசிகருக்கு நாள்கூடச் சரியாகத் தெரியவில்லையே!

“செவ்வாய்க்கிழமைப்பா,” என்று திருத்தினேன்.

இருவரும் என்னைக் குனிந்து பார்த்தார்கள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம், செவ்வாய்க்கிழமைதான் என்றார். நான் சொன்னது சரியாகப் போனதில் எனக்கு ஒரே பெருமை.