கடைசி இடத்துக்கு நடந்த போட்டி

துணியை முழத்தாலும் நெல்லை மரக்காலாலும் அளப்பதைக் கண்டு வளர்ந்த எனக்கு, மனிதரின் குணத்தையும் அளக்கலாம் என்று முதன்முதலில் சொன்னவர் என் தாய்மாமன். அப்போது அவர் காரைக்குடியில் ஆசிரியர் கல்வியில் மேற்பட்டம் படித்துக்கொண்டிருந்தார். செக்காலையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் முன்னறைதான் அவருடைய உலகம். ஒரு கட்டில், ஒரு மேசை, மேசை நிறையத் தாள்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த ஒரு கோடை விடுமுறையில், பிள்ளைகளிடம் உள்ள போட்டி மனப்பான்மையைத் தம் ஆய்வுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டார். அது யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணால் சொல்லிவிட முடியும் என்று உறுதியாக நம்பினார்.

அந்த வீட்டில் நாங்கள் ஆறு பேர். அப்பா வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தர். அம்மா, நான், மாமா ஆகியோரோடு, அம்மாவுக்கு மூத்தவரான பெரியம்மாவும் அவர் மகளும் இருந்தனர். பெரியப்பா காலமான பிறகு இரண்டு தகரப் பெட்டிகளோடு அவர்கள் எங்களிடம் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பெரியம்மாவின் மகளை நான் அக்கா என்று அழைப்பேன். எனக்குப் பதினொரு வயது, அவளுக்குப் பன்னிரண்டு.

எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில் அப்பா பதிகம் பாடி வழிபாட்டை முடித்ததும், வரிசையில் கடைசியாக நிற்பவருக்கே முதல் சுண்டலைக் கொடுப்பார். இறைவன் முன்னிலையில் பின்னால் நிற்பவரே முன்னால் நிற்பவர் என்பது அவருடைய கொள்கை. அவர் பாடிய பாடல்களில் அடியார்கள் தம்மை நாயென்றும் கடையரென்றும் சொல்லிக்கொள்வதைக் கேட்டுக் கேட்டு, அவர்களுக்குள் யார் மிகவும் தாழ்ந்தவர் என்பதில் நெடுங்காலமாகப் பெரும் போட்டி நடந்து வருவதாகவே நான் எண்ணியிருந்தேன். அந்தப் போட்டியில் எனக்கும் இடம் வேண்டும். ஆனால் எப்போதும் கடைசியில் நிற்பவள் அக்காதான். அவளுக்கும் பின்னால் போய் நிற்க நான் நகர்வேன். எனக்கு வழிவிட அவள் ஒதுங்குவாள். ஒதுங்கினாலும் எப்படியோ எனக்குப் பின்னாலேயே போய்விடுவாள். இப்படி இருவரும் பின்வாங்கிப் பின்வாங்கிச் சுவரில் முதுகு முட்டிய நாட்கள் உண்டு. சுண்டல் மட்டும் அவள் கைக்கே முதலில் போகும்.

மாமாவின் அளவுகோல் நாற்பது வாக்கியங்களால் ஆனது. சைக்ளோஸ்டைல் மையின் வாடை மாறாத தாளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எதிரே நான்கு கட்டங்கள். எப்போதும், பெரும்பாலும், அரிதாக, ஒருபோதும் இல்லை. விளையாட்டில் தோற்றால் எனக்கு உறக்கம் வராது என்று ஒரு வாக்கியம். நான் முதலிடம் பெற விரும்புகிறேன் என்று இன்னொன்று. பிறர் வெல்வதைக் கண்டு மகிழ்வேன் என்று வேறொன்று. பெரிய பள்ளிகளுக்குக் கொண்டுபோகுமுன் சிலரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரை முன்னறையில் உட்கார வைத்தார். ஆளுக்கொரு பென்சில், நான்கு பேருக்கு ஓர் அழி ரப்பர்.

"ஏன் மாமா, இதுல பாஸ் மார்க் எம்புட்டு?" என்று நான் கேட்டேன்.

"பாஸும் இல்ல, பெயிலும் இல்ல தாயி. மனசுல பட்டதுல டிக் போடு."

"அப்பப் பரிசு?"

"பரிசு கிரிசெல்லாம் கிடையாது. போயி அங்குட்டு உக்காரு."

பரிசு இல்லாத தேர்வை நான் அதுவரை கண்டதில்லை. மாமாவின் சட்டைப் பையில் பொன்னிற மூடி போட்ட மைப்பேனா ஒன்று இருந்தது. அதன்மேல் எனக்கு நெடுநாளாகக் கண். அதைத்தான் அவர் மறைத்து வைத்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். வெல்வது, முந்துவது, முதலிடம் என்ற சொற்கள் எங்கெல்லாம் வந்தனவோ அங்கெல்லாம் 'எப்போதும்' என்ற கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டேன். எதிர்வீட்டுப் பையன் பத்தாவது வாக்கியத்தைத் தாண்டுமுன் எழுந்து நின்று, "முடிச்சிட்டேன்!" என்றேன்.

"இவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டேன்னு கத்துவா மாமா," என்றான் அவன். அக்கா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகும் அவள் மட்டும் ரப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று மாலை மாமா அப்பாவிடம் முடிவைச் சொன்னதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"அத்தான், உங்க மக நாப்பதுக்கு முப்பத்தெட்டு. தெருவுலயே இவதான் உச்சம்."

எனக்கு நெஞ்சு விம்மியது. பேனா என் கைக்கு வந்தே விட்டது.

"பெரியவ?" என்றார் அப்பா.

"நாலு. அவதான் எல்லாரையும் விடக் கம்மி."

"பாத்தியா மாப்ளே, அந்தப் பிள்ளைக்கு அடியார் மனசு! நம்மது என்னத்துக்கு இப்படி முட்டி மோதுதுன்னுதான் தெரியல."

ஒரே நொடியில் உலகம் தலைகீழானது. முப்பத்தெட்டு என்பது தோல்வி. நான்கு என்பது வெற்றி. இங்கும் கடைசியில் நிற்பவளுக்கே சுண்டல். கதவிடுக்கில் நின்றபடி நான் கலங்கியிருந்தபோது, மாமா சொன்ன அடுத்த செய்தி எனக்கு உயிர் கொடுத்தது.

"மூணு வாரம் கழிச்சு இதே தாளை இவுககிட்டயே மறுபடி கொடுக்கணும் அத்தான். ரெண்டும் ஒத்து வந்தாத்தான் அளவுகோல் சரின்னு எங்க கைடு ஒத்துக்குவாரு. அது முடிஞ்ச மறுநாளே அவருகிட்ட காட்டியாகணும். இல்லைன்னா இந்த வருசம் ஆய்வு முடியாது."

எனக்கு மூன்று வாரம் இருந்தது. அது போதும்.

மதிப்பெண் போடுவதற்கு மாமா ஓர் அட்டை வைத்திருந்தார். நாற்பது வரிசைகளிலும் ஒருபுறத்துக் கட்டங்கள் மட்டும் வெட்டி எடுக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் இடப்புறம், சிலவற்றில் வலப்புறம். அதை விடைத்தாளின்மேல் வைத்து, திறப்பின் வழியே எத்தனை குறிகள் தெரிகின்றனவோ அத்தனையையும் எண்ணுவார். அதுவே போட்டி மனப்பான்மையின் அளவு. அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் அந்த அட்டையைப் பார்த்து, எந்தெந்த வரிசையில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதை ரஃப் நோட்டில் குறித்துக்கொண்டேன். அதற்கு எதிர்ப்புறத்தில் குறியிட்டால் திறப்பில் ஒன்றும் தெரியாது.

நாற்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். எங்கள் வீட்டில் மனப்பாடம் செய்வதற்கு ஒரே வழிதான் உண்டு. பண்ணில் அமைத்துப் பாடுவது. 'வலம் இடம் வலம் வலம், இடம் வலம் இடம் இடம்' என்று பத்து வரிகளாகப் பிரித்து, வெள்ளிக்கிழமைப் பதிகத்தின் மெட்டில் ஏற்றினேன். கிணற்றடியிலும், கடைக்குப் போகும் வழியிலும், பாயில் படுத்தும் பாடினேன். மெட்டு மட்டும் காதில் விழுந்த அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"புள்ள வாய் ஓயாமப் பாடுது. விட்ட குறை தொட்ட குறை," என்று அம்மாவிடம் கண்கள் கலங்கச் சொன்னார்.

மறுதேர்வுக்கான ஞாயிறு வந்தது. அதே எட்டுப் பேர், அதே பென்சில்கள். இம்முறை நான் அவசரப்படவில்லை. உதடு அசையாமல் உள்ளுக்குள் பாடி, வரிக்கு நான்காகக் குறியிட்டு, அடக்கமே உருவாகத் தாளை நீட்டினேன். மற்றப் பிள்ளைகள் போனதும் மாமா என் தாளின்மேல் அட்டையை வைத்தார். ஒரு திறப்பிலும் ஒரு குறியும் இல்லை. அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் வைத்தார்.

"சைபர்!" என்று நான் துள்ளினேன். "நான்தான் சைபர்! நான்தான் கடைசி!"

அந்தக் கூச்சலோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி அடுப்படிக்குள் ஓடினேன். அங்கே அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். பெரியம்மா அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்தடி ஜெயிச்ச? இப்படிக் குதிக்கிற?" என்றார் அம்மா.

"கடைசியா வந்து ஜெயிச்சேன்மா! போன தடவை அக்காவுக்கு நாலு. எனக்கு இப்ப சைபர்! இதுக்குக் கீழ யாராலயும் போக முடியாது!"

முன்னறையில் மாமா தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் கைடு கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன் அத்தான்? மூணே வாரத்துல ஒரு பிள்ளை ஞானியாயிருச்சுன்னா?"

அப்பா என்னை அழைத்து விசாரித்தார். மறைக்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. உழைத்துப் பெற்ற வெற்றியல்லவா? அட்டையைப் பார்த்ததைச் சொல்லி, பாடியும் காட்டினேன். இரண்டாம் வரி முடியுமுன் அப்பாவின் முகம் ஒரு மாதிரியானது.

"அப்ப மூணு வாரமா நீ பாடுன பதிகம்..."

"இதுதான்பா. இன்னும் எட்டு வரி இருக்கு. பாடவா?"

அப்பா சிரித்த சிரிப்பில் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. மாமாவும் பிறகு சிரித்துவிட்டார். மறுநாள் என் தாளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்ற ஏழு பேரின் தாள்களோடு அவர் கல்லூரிக்குப் போனதாகவும், ஏழும் ஒத்து வந்ததால் பேராசிரியர் ஒப்புக்கொண்டதாகவும் பிற்பாடு அறிந்தேன். பைண்டு செய்த அந்த ஆய்வேட்டில், நம்பத்தகாதது என ஒரு விடைத்தாள் கழிக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பதிகம் சொல்லிக்கொடுத்து, அவர்களின் ஆசைகளையும் அருகிருந்து பார்த்துவிட்ட பிறகு எனக்குத் தோன்றுகிறது: அவர் அளக்க வந்த குணத்தை எட்டுத் தாள்களுள் பிழையின்றிக் காட்டியது, கழிக்கப்பட்ட அந்த ஒன்றுதான்.

ஆனால் அன்று நடந்தது அத்துடன் முடியவில்லை.

சிரிப்பு ஓய்ந்ததும் மாமா அக்காவின் தாளை எடுத்து அட்டையை வைத்து எண்ணினார். நான்கு. மூன்று வாரத்துக்கு முந்தைய தாளிலும் நான்கு. நிம்மதியோடு இரண்டையும் அருகருகே வைத்தவர், எதையோ கண்டு குனிந்தார். பிறகு இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு சன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'நான் முதலிடம் பெற விரும்புகிறேன்' என்பதற்கு எதிரே 'எப்போதும்' என்ற கட்டத்தில் பென்சில் அழுந்திய தடம் தெரிந்தது. அதை ரப்பரால் தேய்த்து அழித்துவிட்டு, 'ஒருபோதும் இல்லை' என்பதில் குறியிட்டிருந்தாள். அதற்குக் கீழும் அப்படியே. பக்கம் முழுவதும் அழித்த தடங்கள். முதல் தாளில் எந்தெந்தக் கட்டங்களில் இருந்தனவோ, இரண்டாம் தாளிலும் அதே கட்டங்களில்.

மாமா இரண்டு தாள்களையும் மேசைமேல் வைத்தார். அம்மி ஓசை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ரெண்டும் ஒத்து வருது," என்றார், யாரிடமும் சொல்லாததுபோல.

பிறகு அக்காவை அழைத்தார். அவள் வந்து நிலைப்படியில் நின்றாள்.

"சரியா எழுதலையா மாமா?"

"சரியாத்தான் எழுதியிருக்க தாயி. இன்னொரு தடவை எழுதுறியா? இந்தத் தடவை பேனாவுல எழுது." சட்டைப் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்தார். "அழிக்க முடியாது. என்ன தோணுதோ அதைப் போடு. எழுதிட்டு நீயே வச்சுக்க."

அக்கா, பெரியம்மா இருந்த அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பேனாவை வாங்கி என்னிடமே நீட்டினாள். "நீ வச்சுக்கிறியா?"

நான் கையை நீட்டிவிட்டேன்.

"அவளுக்கு இல்ல," என்றார் மாமா. "உனக்கு."

அவள் சுவரோரம் உட்கார்ந்து எழுதினாள். அன்று என்னைவிட விரைவாகவே எழுதி முடித்தாள். மாமா அந்தத் தாளின்மேல் அட்டையை வைக்கவில்லை. நான்காக மடித்துச் சட்டைப் பையில், பேனா இருந்த இடத்தில் வைத்துக்கொண்டார்.

அக்கா இப்போது சிவகங்கை நீதிமன்றத்தில் வழக்கறிஞர். அவள் எழுந்து நின்றால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் ஒருமுறை தண்ணீர் குடித்துக்கொள்வார்கள் என்று கேள்வி. எங்கள் வீட்டுக்கு வந்தால் தாயம் ஆடுவோம். என் காய்களை ஒன்று விடாமல் வெட்டிவிட்டு, தெருவே கேட்கச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்பதற்காகவே நான் மறுபடியும் காய்களை அடுக்குவேன்.

அன்று எனக்கு அது எதுவும் தெரியாது. அடுப்படி வாசலில் நின்று காலை உதைத்துக்கொண்டு அம்மாவிடம் முறையிட்டேன். "அக்கா தாளைப் பாருங்கம்மா, பூராவும் அழிச்சு அழிச்சு அசிங்கமா வச்சிருக்கா. நான் ஒரு இடத்துலகூட அழிக்கல. அவளுக்குப் போயி பேனாவைக் கொடுத்துட்டாரு! மாமாவுக்குப் பேப்பர் திருத்தவே தெரியல."

அம்மா களைந்த அரிசியை உலையில் போட்டார். அம்மியில் ஓடிக்கொண்டிருந்த பெரியம்மாவின் கை மட்டும் சற்றே நின்று, பிறகு மறுபடியும் அரைக்கத் தொடங்கியது.