மூன்று நிமிடத்தில் முடியாத அழைப்பு

லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாக போன் எடுப்பவள் அவள். வாய் ஓயாதவள் என்பதால் பெயரே 'ரேடியோ அக்கா'. எந்த மெக்கானிக் எந்தத் தெருவில், எத்தனையாவது மாடியில் நிற்கிறான் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிட்டால், கதவு திறக்கும்வரை பேச்சுத் துணையாக இருப்பாள்.

கம்பெனியைப் பெரிய நிறுவனம் ஒன்று வாங்கியது. வந்த வேகத்தில் எல்லார் கையிலும் ஒரு தாளைத் திணித்தார்கள். வணக்கம், வாடிக்கையாளர் எண், வருந்துகிறோம், நன்றி. அதைத் தாண்டி ஒரு வார்த்தை கூடாது. மூன்று நிமிடம் கடந்தால் கணினித் திரை சிவக்கும். மெக்கானிக்கை நேரே கூப்பிடவும் தடை. வரிசைப்படி கணினிதான் அனுப்பும். போன் எடுக்கும் ஐந்து பெண்களும் சேர்ந்து சாப்பிட்ட வழக்கமும் போயிற்று, ஆளுக்கொரு நேரம்.

"ரேடியோவை அணைச்சுட்டாங்களா?" என்று கணவர் கேலி செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு தாளையே படித்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, லிஃப்டுக்குள் இருக்கும் அவசர போனிலிருந்து ஆண் குரல் ஒன்று நடுங்கியது.

"லிஃப்ட் நின்னுடுச்சும்மா. லைட்டும் போச்சு. மூச்சு முட்டுது."

"வாடிக்கையாளர் எண்..." என்று தொடங்கியவளுக்கு நாக்கு கூசியது. கும்மிருட்டில் எந்த எண்ணைப் படிப்பார் அந்த மனுஷன்? தாளைத் தூரத் தள்ளினாள். திரையோ இரண்டு மணி நேரம் ஆகும் என்றது. அலுவலகக் கட்டடத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு, தன் கைபேசியில் பழைய மெக்கானிக்கை அழைத்தாள். அவர் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார்.

"ஷூவைக் கழட்டிட்டு தரையில உக்காருங்கண்ணா. உங்க மேனேஜர் எப்படி? நல்லவரா?"

"அந்த ஆளா!" என்று அவர் ஆரம்பித்தார். திட்டத் திட்ட மூச்சு சீரானது.

திரை சிவந்தது. புது மேலாளர் ஓடிவந்து, போனை வை என்று சைகை காட்டினார்.

"எங்க மேனேஜரும் இப்ப என் தலைக்கு மேலதாண்ணா நிக்கிறாரு. கொதிக்கிற பால் மாதிரி பொங்குறாரு. என்னை வேலையை விட்டு அனுப்பினாலும் சரி, நீங்க வெளிய வராம வைக்க மாட்டேன்."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம். இருபத்திரண்டாவது நிமிடம் கதவு திறந்தது.

மறுநாள் விசாரணை. தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் அம்மாள் வந்திருந்தார். மேலாளர் குற்றப் பட்டியலை நீட்டினார்.

"பேப்பர் இருக்கட்டும் மேடம். அந்தப் பதிவை முழுசா ஒருதடவை கேளுங்க," என்றாள் அவள்.

கேட்டார்கள். பால் பொங்கிய இடத்தில் இயக்குநர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பதிவு முடிந்ததும் இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரி, உங்களுக்கு என்ன வேணும்?"

"மாட்டிக்கிட்டவங்க கூப்பிட்டா நேரக் கணக்கு வேண்டாம். மெக்கானிக்கை நாங்களே கூப்பிடணும். அப்புறம், நாங்க அஞ்சு பேரும் மனுஷங்களாட்டம் பேசணும்."

மூன்றுக்கும் அங்கேயே கையெழுத்தானது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே காத்திருந்த நால்வரும் அவளைக் கட்டிக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, வாங்கிய நிறுவனமே தன் தலைமை அலுவலகத்துக்கு அவளை அழைத்தது, தன் ஆட்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க! மேடையில் ஏறினாள். எதிரே அறுபது பேர், அத்தனை பேர் கையிலும் அதே தாள்.

"முதல்ல அதைக் கவுத்து வைங்க," என்றாள்.

அன்று சாயங்காலம்வரை அந்த அறையில் பேச்சும் சிரிப்பும் ஓயவில்லை.