பெயிண்ட் அடிக்காத வண்டி

மழை பெய்த மறுநாள் காலையில் என் வண்டியின் கதவைத் திறந்தால் ஒரு வாசம் வரும். உப்பு, ஈரத்தோல், கடுக்காய், எல்லாவற்றுக்கும் மேலே கொஞ்சம் பெட்ரோல். வெளியூர் நண்பர்கள் கைக்குட்டையைத் தேடுவார்கள். நீங்கள் வந்தால் ஒரு தரம் முகர்ந்து பாருங்கள். பிடிக்காவிட்டால் கண்ணாடியை இறக்கிக்கொள்ளலாம். வலது பக்கம் மட்டும். இடது பக்கக் கண்ணாடி நான் வாங்கிய நாளிலிருந்தே இறங்காது.

'என் வண்டி' என்று எழுதும்போதே தோள் கொஞ்சம் நிமிர்ந்துவிடுகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பழைய பிக்கப். என் அம்மாவைவிட மூத்தது. அதன் நிறம் பச்சை என்று நான் சொன்னால் நீங்கள் நம்பத்தான் வேண்டும். கதவில், தோல் பதனிடும் எங்கள் ஊர் டேனரியின் பெயர் வெள்ளை எழுத்தில் இருந்தது. இப்போது பாதி எழுத்துகள்கூட இல்லை. பின்தொட்டியின் தகட்டைப் பல வருட உப்பு தின்றிருக்கிறது, மேலே பலகை போட்டிருக்கிறேன். கிளட்ச் மிதியில் ரப்பர் இல்லை. யாரோ எருமைத்தோலை மடித்துத் தைத்து மாட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் எது தேய்ந்தாலும் தோலில்தான் ஒட்டுப்போடுவார்கள். அந்த மிதியில் கால் வைக்கும்போது, ஷூ கம்பெனி ஏசி அறையில் உட்கார்ந்து இங்கிலீஷில் மெயில் எழுதுகிறவன் நான் என்பது மறந்துபோகும்.

அந்த இங்கிலீஷுக்கு விலை கொடுத்தவள் அம்மா. அப்பா போன பிறகு அவள் டேனரி வேலைக்குச் சேர்ந்தாள். பகலெல்லாம் உப்புத்தோல் ஏற்றுகிற இதே பிக்கப், சாயங்காலம் பெண்களை ஏற்றிவந்து ரோட்டு முனையில் இறக்கும். புத்தகப்பையோடு நான் அங்கே நிற்பேன். வண்டி தெரிவதற்கு முன்னாலேயே சிரிப்பு கேட்கும். தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றபடி வருவார்கள். "டேய், ஒங்கம்மா எறங்க மாட்டேங்குது, வந்து இழுத்துக்கினு போ" என்று யாராவது கத்துவார்கள். அம்மா இறங்கியதும் முதலில் சொல்வது, "கிட்ட வராத." வீட்டுக்குப் போய், சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் என்னைத் தொடுவாள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தனும் என்னைப் பார்த்து மூக்கைப் பிடிக்கக் கூடாது என்பது அவளுடைய வைராக்கியம். ஒருத்தனும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தச் சோப்புக்கு முந்தைய வாசம்தான் எனக்கு அம்மா வாசம். இதை அவளிடம் சொன்னால் இப்போதும் அடிப்பாள்.

பல வருடம் கழித்து வாணியம்பாடியில் ஒரு பாயின் கொட்டகையில், கோழிகள் அடைந்து கிடந்த இந்த வண்டியைப் பார்த்ததும் கதவிலிருந்த எழுத்தை வைத்து அடையாளம் கண்டுகொண்டேன்.

"ஓடுமா பாய்?"

"ஓடும் தம்பி. எப்ப நிக்கும்னு மட்டும் கேக்காத."

பாய் பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வருவதற்குள் பலமுறை நின்றது. ஆனால் வந்துவிட்டது. அதை வாங்கும்போது என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: இதில் அம்மாவை ஏற்றிக்கொண்டு நான் ஓட்ட வேண்டும்.

அம்மா வாசலிலிருந்து பார்த்தாள். "இன்னாடா இது?"

டேனரி வண்டி என்று சொன்னேன்.

"தெரியுது. இத எதுக்கு வூட்டுக்கு இட்டாந்த? ஒன்ன படிக்க வெச்சது தோல் வண்டி ஓட்டவா?" வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "பெயிண்ட்டாவது அடி. அடிக்காம நான் அதுல ஏற மாட்டேன்" என்றாள்.

நான் படித்தவன் அல்லவா, விளக்கினேன். "பழசை மாத்தாம அப்டியே வெக்கிறதுக்கு அன்ரெஸ்டோர்டுனு பேரும்மா. பெயிண்ட் அடிச்சா மதிப்பு போய்டும்."

"காசு கம்மியா கீதுன்னு சொல்லேன். அதுக்கு எதுக்கு இங்கிலீசு?"

அவ்வளவுதான். மாதக்கணக்கில் வண்டியை நான் மட்டும் ஓட்டினேன். ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி அடிவாரம் வரைக்கும் போய் டீ குடித்துவிட்டுத் திரும்புவேன். டீக்கடையில் வண்டியைச் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். எனக்குப் பெருமை தாங்காது. பக்கத்து இருக்கை மட்டும் காலியாக இருக்கும். பெயிண்ட் அடித்துவிடலாமா என்றுகூட ஒருநாள் டப்பாவை வாங்கிவந்து வைத்தேன். திறக்கத்தான் மனம் வரவில்லை.

அப்போதுதான் மலைமேல் விடுதி நடத்துகிற ஒருவர் தேடிவந்தார். விலைக்குக் கேட்டார். "ஓடணும்னு இல்ல சார். விடுதி வாசல் கேட்டாண்ட நிறுத்தி, பின்னாடி பூச்செடி வெக்கப் போறோம். ஜனங்க போட்டோ எடுப்பாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அம்மா வந்துவிட்டாள்.

"செடி வெக்கத் தொட்டி இல்லியா ஒங்க ஊர்ல?" என்றாள். "ஓடற வண்டிங்க அது. ஒரு ஷிப்டு பொம்பளைங்கள ஒரே நடையில இழுத்த வண்டி. மழையில நின்னதில்ல, மேட்டுல நின்னதில்ல. போய்ட்டு வாங்க."

மழையிலும் மேட்டிலும் அது நிற்கிற விதம் எனக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் ஆலங்காயத்தில் அத்தை மகனுக்குக் கல்யாணம். பஸ்ஸில்தான் வருவேன் என்று முன்பே சொல்லியிருந்த அம்மா, காலையில் பட்டுப்புடவையோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். நான் பதறிப்போய் முன்சீட்டைத் துடைத்துத் துண்டு விரித்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. பின்பக்கம் போய், கொசுவத்தைத் தூக்கிச் செருகி, சக்கரத்தில் ஒரு கால் வைத்து, ஒரே தாவில் தொட்டிக்குள் ஏறிவிட்டாள்.

"யம்மா, முன்னாடி வா. விழுந்துடப் போற."

"நான் எத்தினி வருசம் நின்னவ, எனக்கு சொல்றியா? முன்னாடி குந்துனா யாருக்குத் தெரியும்? இங்க நின்னாத்தான் நாலு பேரு பாப்பாங்க, இது எம்புள்ள வண்டின்னு. பைபாஸ் வேணா, ஊருக்குள்ள போ."

ஊருக்குள் போனேன். அவ்வளவு மெதுவாக நான் வண்டி ஓட்டியதே இல்லை. டேனரி இருந்த இடத்தில் மனை பிரித்துக் கல் நட்டிருந்தார்கள். அன்று நான் நின்ற ரோட்டு முனையில் ஷூ கம்பெனி பஸ் நின்றது. சன்னலோரச் சீட்டுகளில் பெண்கள் காதில் ஒயரோடு கண்ணை மூடியிருந்தார்கள். அம்மாவோடு வேலை செய்தவர்களில் சிலர் பிள்ளைகளோடு பெங்களூர் போய்விட்டார்கள், சிலர் செத்துப்போனார்கள். பார்க்க வேண்டிய அந்த நாலு பேர் தெருவில் இல்லை.

பின் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அம்மா தலை நிமிர்ந்து, எதிர்க்காற்றில் முகத்தை வைத்து நின்றாள். தொட்டி முழுக்க இடம் கிடந்தது. அவள் ஓரத்தில் ஒண்டி, முழங்கையை ஒடுக்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவர்களுக்கு இடம் விட்டு நின்றிருந்தாள்.