பூபதி அனுப்பிய தீவனம்

எங்கள் தீவன ஆலையில் பூபதியண்ணனுக்கு என்ன வேலை என்று கேட்டால் முதலாளிக்கே சொல்லத் தெரியாது. சம்பளப் பட்டியலில் ஸ்டோர் கீப்பர். ஆனால் இருபத்திரண்டு வருடமாக அவர் செய்தது நடைதான். கொள்முதலிலிருந்து கிடங்குக்கு, கிடங்கிலிருந்து மிஷின் ஓடும் இடத்துக்கு, அங்கிருந்து லாரிகளை அனுப்பும் என் மேசைக்கு. "ரோசி, நாமகிரிப்பேட்டை லோடு மத்தியானந்தான் புள்ள, அவசரப்படாத" என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொல்லாவிட்டால் ஒரு பிரிவில் நடப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. நான்கு பிரிவும் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் மாதிரி இருந்தோம்.

போன வருடம் புரட்டாசியில், எல்லாப் பிரிவின் கணக்கையும் ஒன்றாக இணைக்கும் ஈஆர்பி என்ற கம்ப்யூட்டர் ஏற்பாடு வந்தது. நான் சந்தோஷப்பட்டேன், மறைப்பானேன். ஒரு மூட்டை மக்காச்சோளம் கேட்டுக்குள் நுழைந்தால் எல்லாப் பிரிவின் திரையிலும் அதே எண் தெரிந்தது. ஆர்டர் விழுந்ததும் கிடங்கில் அடுக்கியிருக்கும் எந்த அட்டியிலிருந்து எத்தனை மூட்டை எடுக்க வேண்டும் என்று சீட்டு தானாக அச்சானது. "இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று பண்ணைக்காரர்களிடம் மழுப்பும் பிழைப்பு எனக்கு முடிந்தது.

பூபதியண்ணனும் முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு அட்டியாக எண்ணி அவரே பதிவு செய்தார். ஒரு மூட்டை பிசகவில்லை. "இனிமே தைரியமா லீவு போடுங்கண்ணா, எல்லாம் அதுவே பாத்துக்கும்" என்றார் முதலாளி மோகன்குமார்.

மழைக்காலத்தில் வரும் சோளம் ஈரமாக இருக்கும். வெயிலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் அரைக்கலாம். பூஞ்சை பிடித்துவிட்டால் கோழிக்கு விஷம். அப்படிப்பட்ட அட்டியில் பூபதியண்ணன் ஒரு வேப்பங்கொத்தைச் செருகி வைப்பார். கொத்து இருந்தால் எங்கள் ஆட்கள் ஒருவரும் தொடமாட்டார்கள். ஈஆர்பியில் அதற்காக 'நிறுத்தி வை' என்று ஒரு கட்டம் உண்டு. அவர் அதை நிரப்பவில்லை. கொத்துதான் இருக்கிறதே, எழுதி வேறு காட்ட வேண்டுமா என்று நினைத்துவிட்டார். பக்கத்தில்தான் நானும் உட்கார்ந்திருந்தேன். என் மண்டைக்கும் உறைக்கவில்லை.

ஐப்பசியில் மைத்துனி மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டார். சேர்ந்தாற்போல் இரண்டு நாள் அவர் வராமலிருந்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்குப் பார்த்து புதுச்சத்திரம் சின்னண்ணன் பண்ணையிலிருந்து ஆர்டர் வந்தது. ஏழாம் அட்டி என்று சீட்டு அச்சானது. சுமை தூக்குபவர்கள் ஒடிசாவிலிருந்து வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. கொத்துக்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? சீட்டில் இருந்தபடி எடுத்துக் கொடுத்தார்கள். சோளம் அரைபட்டது. நானே பில் போட்டு லாரியை அனுப்பினேன். நான்கு பிரிவும் அவ்வளவு ஒற்றுமையாக ஒருநாளும் வேலை பார்த்ததில்லை.

பத்து நாளில் சின்னண்ணனின் நாலாயிரம் கோழிகளில் ஆயிரத்து நூறு செத்தன. மீதி முட்டையிடுவதை நிறுத்திவிட்டன.

முன்பெல்லாம் தப்பு நடந்தால் கொள்முதல் கிடங்கைச் சொல்லும், கிடங்கு லாரிக்காரரைச் சொல்லும், அவர் மழையைச் சொல்வார். யார் தலையிலும் விழாமல் ஒரு மாதத்தில் ஆறிப்போகும். இந்தத் தடவை மோகன்குமார் எல்லாரையும் உட்காரவைத்து மூட்டை எண்ணைத் தட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. தீவனம், அட்டி, தேதி, நேரம் எல்லாம் வந்து, கீழே 'பதிவு செய்தவர்: பூபதி' என்று நின்றது. பூபதியண்ணன் முகத்தைப் பார்க்க எங்களுக்குத் தைரியமில்லை. அந்தத் திரையைப் போட்டு உடைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது. ஆனால் அது சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

மோகன்குமார் திட்டவில்லை. "நட்டத்த கம்பெனி பாத்துக்கும்ணா. ரோசியக் கூட்டிட்டுப் போயி புகார் படிவத்துல கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துருங்க" என்றார்.

மறுநாள் பண்ணைக்குப் போனோம். வரிசை வரிசையாகக் கூண்டுகள் காலியாகக் கிடந்தன. "என்ற தப்புதானுங்க. ஈரச் சோளம்னு பதியாம உட்டுட்டனுங்க" என்றார் பூபதியண்ணன்.

சின்னண்ணனுக்கு எழுபது வயசிருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை என்னிடம் நீட்டினார். கோபமே இல்லை. நாலு வார்த்தை ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மூட்டையப் பிரிச்சப்பவே ஒரு வாடை அடிச்சுது சாமி. வேற கம்பெனிச் சரக்குன்னா அப்பவே திருப்பி அனுப்பியிருப்பேன். பூபதி அனுப்புனதாச்சே, தப்பா இருக்காது, நம்ம மூக்குதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சு அள்ளி அள்ளிப் போட்டனுங்க."

மறுநாளிலிருந்து பூபதியண்ணன் வேலைக்கு வரவில்லை. அவரை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை.