எங்கள் வகுப்பு நடித்த படம்

என் மகள் பாடப்புத்தகத்தில் ஒரு வரியை விழுங்கிவிட்டு வாசித்தால் எனக்குப் படபடப்பு வந்துவிடுகிறது. கண்டித்தால் புத்தகத்தையே வெறுத்துவிடுவாளோ என்று ஒரு பயம். விட்டால் பொய் பழகிவிடுவாளோ என்று இன்னொரு பயம். அப்படித் திகைக்கும்போதெல்லாம் உடையார்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர் டூரிங் கொட்டகை நினைவுக்கு வரும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு முடித்திருந்தேன். தம்பி கைக்குழந்தை. அம்மா முந்திரிக்காட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும், தம்பியைப் பார்த்துக்கொள்ள நான் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அம்மா ஒப்பவில்லை.

"சினிமாவுல எழுத்து போடுறப்ப பேரெல்லாம் கடகடன்னு வாசிக்குதுங்க. இதப் போயி நிறுத்துறேங்கிறீங்களே!"

படம் தொடங்கும்முன் வரும் பெயர்களைத்தான் எங்கள் பக்கம் எழுத்து என்போம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் வாசிக்க, யார் யார் என்று கேட்டுக்கொள்வாள். அப்பா எதையும் வாசித்து நான் பார்த்ததில்லை.

"வாசிக்கட்டும், பாப்பம்," என்றார் அப்பா.

அந்தச் சனிக்கிழமை முதல் ஆட்டத்துக்குப் போனோம். கொட்டகையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இடுப்பளவு மண்சுவர். அப்பா அந்தப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அம்மா இந்தப் பக்கம் மணலைக் குவித்து, சரியாக அவர் காதுக்கு நேராக என்னை உட்கார வைத்தாள்.

வழக்கமாகப் பெயர்கள் திரையில் அசையாமல் நிற்கும். எழுத்துக் கூட்டி வாசித்துவிடலாம். அன்று வந்தது திகில் படம். எழுத்துகள் கண்ணாடிச் சில்லுகளாகப் பறந்து வந்து ஒன்றுசேர்ந்து, நான் முதல் எழுத்தைப் பிடிப்பதற்குள் ரத்தமாக ஒழுகிப் போயின. அதை வரைய யாரோ ஒருவர் எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்திருப்பார் என்று இன்று வியக்கிறேன். அன்று அவர் கை ஒடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அம்மா தொடையில் இடித்தாள். "வாசிடி."

கடகடவென்று எனக்கு வரக்கூடிய பெயர்கள் ஒரே வரிசைதான்: டீச்சர் தினமும் கூப்பிடும் எங்கள் வகுப்பு வருகைப் பதிவு. "அமலோற்பவம், கொளஞ்சி, செல்வராணி..." என்று ஆரம்பித்தேன். சில்லு சேரும்போது ஒரு பெயர், ஒழுகும்போது அடுத்த பெயர்.

முன்னால் இருந்த ஒருத்தி திரும்பினாள். "கொளஞ்சியா? நம்மூருப் பேராட்டமுல்ல இருக்கு!"

"ஏன், நம்மூரு ஆளு சினிமாவுல இருக்கக் கூடாதா?" என்றாள் அம்மா, சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி.

அந்தப் பக்கம் அப்பா பலமாக இருமினார். நான் நிறுத்தவில்லை. கடைசி பெஞ்சு வரை வாசித்து முடித்தபோது என் பாவாடை வியர்வையில் முழங்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பா முன்னால் நடந்தார். பாதி வழியில் அவனை மறுதோளுக்கு மாற்றினார். பிறகு, "நிக்காமத்தான் வாசிக்குது. போவட்டும்," என்றார்.

"அப்ப தம்பி?" என்றாள் அம்மா.

"முந்திரி மரத்துல தூளி கட்டிக்க."

பள்ளிக்கூடம் திறந்ததும் நோட்டு வாங்க அப்பாவோடு ஜெயங்கொண்டம் போனேன். திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டுக்குள் புழுதி கிளப்பிக்கொண்டு வந்த பஸ்ஸின் பலகையைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு அப்பா, "உடையார்பாளையம் வண்டி, ஓடியா!" என்றார். அப்பா நம்பும்படி வாசித்துவிட்டேன் என்ற பெருமையோடு, நோட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி ஏறினேன்.

ஓடிவரும் பலகையைப் படிக்கிற கண்ணுக்குத் திரையில் இருந்த பெயர்களும் தெரிந்திருக்கும் என்பது எனக்கு உறைத்தபோது, நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன்.